மறைந்த விக்கிப்பீடியர் விட்டுச்செல்லும் வேலை

பல ஆண்டுகளாக விக்கிப்பீடியாவில் எழுதிவந்த ஒருவர் காலமானால் செய்தி முதலில் வந்து சேர்வது ஆலமரத்தடிக்குத்தான், அதாவது தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கத்துக்கு. யாராவது ஒருவர் தலைப்பிட்டு இரண்டு வரி எழுதுவார். அதன் கீழே இரங்கல்கள் வரிசையாகச் சேரும். நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள் துக்கம் கேட்க வேறு இடம் ஏது? ஆகவே அந்தப் பக்கம் வேண்டும், அதில் அவரவர் மனத்தில் பட்டதை எழுதவும் வேண்டும். ஆனால் கலைக்களஞ்சியத்துக்கு உழைத்தவருக்குச் செய்யும் மரியாதை அந்தப் பக்கத்தோடு நின்றுவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அவர் போனதும் நின்றுபோன வேலைகள் எவை என்று தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளை ஏற்பாடு செய்வதுதான் அவரை உண்மையாக நினைவில் வைத்திருப்பது. அதற்கு நிறையப் பொறுமையும் கொஞ்சம் தொழில்நுட்ப அறிவும் வேண்டும். அந்த வேலை எங்கெங்கே ஒளிந்திருக்கிறது, எங்கே சறுக்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்தியை உறுதிசெய்ய வேண்டும். திடீரென எழுதுவதை நிறுத்தியவர்கள் எல்லோரும் இறந்தவர்கள் அல்லர். வேலை மாறியிருக்கலாம், சலித்துப் போயிருக்கலாம், உடல்நலம் குன்றியிருக்கலாம். பொய்யாக மரணச் செய்தி பரப்பியவர்களும் இணையத்தில் உண்டு. செய்தித்தாளில் வந்த மறைவு அறிவிப்பு, குடும்பத்தாரின் நேரடித் தகவல், அவரை நேரில் அறிந்த நம்பகமான வேறொரு பங்களிப்பாளரின் சொல் என ஏதாவது ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவில் மறைந்த பயனர்களுக்கென்று ஒரு பட்டியலும் அதற்கான வழிகாட்டலும் உள்ளன. சில நூறு தொகுப்புகளாவது (பக்கங்களில் சேமித்த மாற்றங்கள்) செய்து சமூகத்தில் அறியப்பட்டவராக இருந்தவரையே அதில் சேர்க்கிறார்கள்.

உறுதிசெய்யும் வேகத்தில் செய்துவிடக் கூடாத ஒன்று உண்டு. புனைபெயரில் எழுதியவர் தன் இயற்பெயரை விக்கியில் எங்கும் சொல்லியிருக்காவிட்டால், இறந்த பிறகு நாம் அதைச் சொல்லக் கூடாது. இரங்கல் அறிவிப்புக்கு இணைப்புக் கொடுத்த கணமே புனைபெயரும் இயற்பெயரும் முடிச்சுப் போடப்பட்டுவிடும். ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும் வரலாற்றுப் பக்கத்தில் அது நிற்கும். அவர் சர்ச்சைக்குரிய தலைப்புகளில் எழுதியவராக இருந்தால், அந்த முடிச்சின் விளைவைச் சுமக்கப்போவது குடும்பம். இத்தகைய நேரத்தில் சான்றை ஒரு நிர்வாகிக்குத் தனி மின்னஞ்சலில் காட்டி, "உறுதிசெய்யப்பட்டது" என்று மட்டும் பொதுவில் எழுதினால் போதும்.

அடுத்தது கணக்கு. பயனர் பக்கத்தில் மறைவைத் தெரிவிக்கும் வார்ப்புருவை (ஆயத்தமான அறிவிப்புப் பெட்டியை) இட்டு, அந்தப் பக்கத்தை நிர்வாகிகள் மட்டும் தொகுக்கும்படி முழுக் காப்பில் வைப்பது வழக்கம். பேச்சுப் பக்கத்தைத் திறந்தே வைக்க வேண்டும், இரங்கல் எழுத வருபவர்களுக்கு அதுதான் இடம். அவருக்கு நிர்வாகி அணுக்கமோ அதிகாரி அணுக்கமோ (கூடுதல் உரிமைகள்) இருந்தால் அதை நீக்கக் கேட்க வேண்டும். இதைச் சொன்னால் சிலருக்கு மனம் வருந்தும், அவமதிப்பதுபோல் தோன்றும். ஆனால் யாரும் பயன்படுத்தாத, கடவுச்சொல் மாறாத ஒரு நிர்வாகிக் கணக்கு திருடன் கையில் சிக்கினால், அவர் ஆண்டுக்கணக்கில் காத்த பக்கங்களை அவர் பெயராலேயே சிதைக்க முடியும். அணுக்கத்தை நீக்குவது அவர் பெயருக்குப் போடும் காவல்.

குடும்பத்தாரிடம் கடவுச்சொல் இருக்கலாம். மறைந்தவரின் கணக்கிலேயே நுழைந்து "அப்பா காலமாகிவிட்டார்" என்று எழுதத் தோன்றுவது இயல்பு. ஆனால் ஒரு கணக்கு ஒருவருக்கு மட்டுமே உரியது என்பது விதி. வேறொருவர் கைக்குப் போனது தெரிந்தால் அந்தக் கணக்கைத் தடைசெய்ய நேரிடும். எல்லா விக்கிகளுக்கும் பொதுவாகக் கணக்கைப் பூட்டும் அதிகாரம் ஸ்டூவர்டு எனப்படும் பொறுப்பாளர்களிடம் உள்ளது. பூட்டினாலும் பங்களிப்புகள் அப்படியே இருக்கும், உள்நுழைய மட்டும் முடியாது. குடும்பத்தாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லி, அவர்கள் விரும்பினால் சொந்தமாக ஒரு கணக்குத் தொடங்கிப் பேச்சுப் பக்கத்தில் எழுதச் சொல்லலாம்.

பேச்சுப் பக்கத்தை யாராவது, மாற்றங்களைத் தெரிவிக்கும் தங்கள் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இறந்தவருக்கு மாதாமாதம் செய்திமடல் வந்துகொண்டிருக்கும். கூட்டுச் செய்திகளை நிறுத்த, அவற்றிலிருந்து விலகியவர்களுக்கான பகுப்பை அந்தப் பேச்சுப் பக்கத்தில் சேர்த்தால் போதும். ஆனால் நீக்கல் அறிவிப்புகள் அதனால் நிற்காது. "நீங்கள் பதிவேற்றிய படிமத்தில் உரிமத் தகவல் இல்லை, நீக்கப்படும்" என்ற வகை அறிவிப்புகள் தானாக வந்து இரங்கல் செய்திகளுக்கு நடுவே விழும். குடும்பத்தார் பார்த்தால் மனம் நோகும். அதைவிட முக்கியம், பதில் சொல்ல ஆளில்லாததால் காப்பாற்றியிருக்கக்கூடிய படிமமும் கட்டுரையும் கெடு முடிந்ததும் போய்விடும். அந்த அறிவிப்புகளை நிறுத்துவதில் அர்த்தமில்லை. யாராவது பார்த்து, அவர் சார்பில் பதிலளிக்க வேண்டும். பேச்சுப் பக்கத்தின் பழைய செய்திகளைத் தானாகப் பரணேற்றும், அதாவது தனிக் காப்புப் பக்கத்துக்கு மாற்றும், வார்ப்புரு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இல்லையேல் ஒரு மாதத்தில் இரங்கல்கள் அனைத்தையும் தானியங்கி (தானாகத் தொகுக்கும் நிரல்) அள்ளிக்கொண்டு போய்ப் பரணில் போட்டுவிடும்.

புதுப்பயனர்களுக்கு வழிகாட்டியாக அவர் பதிந்திருந்தாரா என்றும் பார்க்க வேண்டும். வழிகாட்டி வசதி இயங்கும் விக்கிகளில், புதிதாகக் கணக்குத் தொடங்குவோரை மென்பொருளே வழிகாட்டிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. பட்டியலில் அவர் பெயர் இருக்கும்வரை, "கட்டுரைக்கு எப்படிப் படம் சேர்ப்பது?" என்று ஆர்வத்தோடு கேட்கும் புதியவரின் கேள்வி பதில் வராத பக்கத்துக்கே போகும். அந்தப் புதியவர் ஓய்ந்துபோய் விக்கியை விட்டே விலகிவிடுவார். வழிகாட்டிகளை மேலாண்மை செய்யும் சிறப்புப் பக்கத்தில் நிர்வாகிகள் பெயரை நீக்கினால், அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்த புதியவர்கள் மற்ற வழிகாட்டிகளுக்கு மாற்றப்படுவார்கள்.

இனி அவர் செய்த வேலைக்கு வருவோம். இரங்கல் குறிப்புகளில் முதலில் எழுதப்படுவது எண்ணிக்கை: இத்தனை ஆயிரம் தொகுப்புகள், இத்தனை கட்டுரைகள். எண்களைச் சொல்லலாம், ஆனால் அவற்றை மட்டும் வைத்து ஒருவரை அளக்க முடியாது. பகுப்பு மாற்றும் கருவியால் ஒருவர் ஒரு மணி நேரத்தில் நூறு தொகுப்புகளைச் செய்துவிடலாம். இன்னொருவர் மூன்று வாரம் நூல்களைப் புரட்டி விக்கிக்கு வெளியே எழுதி, ஒரே சேமிப்பில் முழுக் கட்டுரையையும் ஏற்றுவார். கணக்கில் அது ஒன்றுதான். பைட்டு அளவை நம்புவதிலும் சிக்கல் இருக்கிறது. யூனிக்கோடு எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டு ஆகிறது. "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள், ஆக 15 பைட்டுகள். அதே கட்டுரையின் ஆங்கில வடிவத்தோடு பைட்டு அளவை ஒப்பிட்டு மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம்.

ஒருவர் யாராக இருந்தார் என்பது அவருடைய பங்களிப்புப் பட்டியலை வரிவரியாக வாசித்தால்தான் தெரியும். தொகுப்புச் சுருக்கங்களைப் பாருங்கள். "மேற்கோள் சேர்க்கப்பட்டது", "பேச்சுப் பக்கம் காண்க", "ஆண்டு தவறு, நூலின் இரண்டாம் பதிப்பில் திருத்தப்பட்டுள்ளது" என்று எழுதுபவர், தனக்குப் பின் வருபவரை மனத்தில் வைத்து எழுதியவர். கட்டுரைவெளித் தொகுப்புகளைவிடப் பயனர் பேச்சுத் தொகுப்புகளை வடிகட்டிப் படிப்பது இன்னும் உதவும். நீக்கல் வார்ப்புரு இடப்பட்ட ஒரு புதியவரின் கட்டுரைக்கு இரண்டு நல்ல மேற்கோள்களைத் தேடிக் கொடுத்து, வார்ப்புருவை எடுத்துவிட்டு, பிறகு அந்தப் புதியவரின் பேச்சுப் பக்கத்தில் "அடுத்த முறை தொடங்கும்போதே இப்படிச் சேர்த்துவிடுங்கள்" என்று எழுதிய மூன்று தொகுப்புகள் பத்து நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து இருக்கும். நினைவுப் பக்கத்தில் அந்த மூன்று தொகுப்புகளின் வேறுபாடுகளுக்கும் இணைப்புக் கொடுங்கள். எந்தப் புகழுரையையும்விட அது அவரைச் சரியாகக் காட்டும்.

எக்ஸ்டூல்ஸ் என்ற கருவியில் பயனர் பெயரை இட்டால், அவர் தொடங்கிய பக்கங்கள், மிகுதியாகத் தொகுத்த பக்கங்கள், வாரத்தின் எந்த நாளில் எந்த நேரத்தில் தொகுத்தார் என்ற கட்டம் எல்லாம் கிடைக்கும். அந்த நேரக் கட்டத்தைப் பலர் ஆர்வத்துக்காகப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். சிறிய விக்கிகளில் அதற்கு நேரடிப் பயன் இருக்கிறது. அண்மைய மாற்றங்களைச் சுற்றுக்காவல் செய்பவர்கள் நான்கைந்து பேர் மட்டுமே என்றால், ஒருவர் போனதும் அவர் விழித்திருந்த நேரம் முழுக்கக் காவலில்லாமல் போகிறது. அந்த நேரத்தில் நடக்கும் விசமத் தொகுப்புகள் மறுநாள்வரை நிற்கும், சில மாதக்கணக்கிலும் நிற்கும். அவருடைய கட்டத்தில் அடர்த்தியாக உள்ள நேரத்துக்கு இன்னொருவர் முன்வந்தால் அந்த ஓட்டை அடைபடும்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத இழப்பு கவனிப்புப் பட்டியல். ஒருவர் எந்தப் பக்கங்களைக் கவனித்தார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். நிர்வாகிக்கும் தெரியாது. யாருமே கவனிக்காத பக்கங்களைக் காட்டும் சிறப்புப் பக்கம் ஒன்று உண்டு, நிர்வாகிகள் பார்க்கலாம். ஆனால் மறைந்தவரின் கணக்கில் அந்தப் பக்கம் இன்னும் கவனிப்பில் இருப்பதால், மென்பொருளைப் பொறுத்தவரை அதை ஒருவர் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆகவே அது அந்தப் பட்டியலில் வரவே வராது. சாதாரணப் பயனருக்கோ, கவனிப்போர் 30 பேருக்குக் குறைவாக இருந்தால் பக்கத் தகவலில் எண்ணிக்கையே தெரியாது. சிறிய விக்கியில் பெரும்பாலான கட்டுரைகள் அந்த வகைதான். அவர் ஒருவரே காத்துவந்த நூற்றுக்கணக்கான கட்டுரைகள் அப்படிக் காவல் இருப்பதுபோலவே தோற்றமளித்துக்கொண்டு அநாதையாகக் கிடக்கும்.

நேரடியாகப் பார்க்க முடியாததை ஊகிக்கலாம். அவர் தொடங்கிய கட்டுரைகள் ஒரு பட்டியல். அவர் பத்து முறைக்கு மேல் தொகுத்தவை இன்னொன்று. மூன்றாவதுதான் முக்கியமானது: அவர் மற்றவர் தொகுப்பை மீளமைத்த (நீக்கி முந்தைய நிலைக்குத் திருப்பிய) பக்கங்கள். தொகுப்புச் சுருக்கத்தில் மீளமைப்புக்குரிய சொற்கள் இருக்கும், மாற்றக் குறிச்சொல்லைக் கொண்டும் வடிகட்டலாம். தான் எழுதும் துறைகளோடு தொடர்பே இல்லாத தலைப்பில் அவர் ஐந்து ஆண்டுகளில் எட்டு முறை மீளமைத்திருந்தால் அந்தப் பக்கத்தை அவர் காவல் காத்திருக்கிறார் என்று பொருள். மூன்றையும் சேர்த்து இரட்டைப் பெயர்களை நீக்கி, நான்கைந்து பேர் பங்கிட்டு, கவனிப்புப் பட்டியலின் "மூல வடிவில் தொகு" வசதியில் ஒரே மூச்சில் ஒட்டிக்கொள்ளலாம். ஒருவருக்கு இருநூறு பக்கங்களுக்கு மேல் கொடுக்காதீர்கள். பட்டியல் பெருத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், பழையபடி பெயரளவுக் காவல்தான் மிஞ்சும்.

தானியங்கி ஓட்டியவராக இருந்தால் பாதிப்பு உடனே தெரியும் என்று நினைப்போம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. விக்கிமீடியாவின் டூல்ஃபோர்ஜ் வழங்கியில் நேரம் குறித்து ஓடும் நிரல், ஆள் போன பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது சத்தமில்லாமல் நிற்கும், அல்லது அதைவிட மோசமாகத் தவறாகத் தொகுக்கத் தொடங்கும். டூல்ஃபோர்ஜில் ஒரு கருவிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பராமரிப்பாளர்களைச் சேர்க்கலாம். கைவிடப்பட்ட கருவிகளை மற்றவர்கள் ஏற்றுக்கொள்ள விண்ணப்பிக்கும் வழிமுறையும் அங்கே இருக்கிறது. அந்த வழங்கியில் ஓடும் நிரல்கள் கட்டற்ற உரிமத்தில் இருக்க வேண்டும் என்பதும் விதி, எனவே உரிமத் தடை இருக்காது. அவருடைய சொந்தக் கணினியில் ஓடிய நிரல் என்றால் கதை வேறு. வீட்டார் கணினியைத் துடைத்துவிட்டால் எல்லாம் போச்சு. முதல் சில நாட்களிலேயே தயங்காமல் கேட்டாக வேண்டிய விஷயம் இது.

அவர் எழுதிய சிறு ஸ்கிரிப்ட்களும் இப்படித்தான். பயனர் பக்கத்தின் துணைப்பக்கமாக இருக்கும் அந்த ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைப் பத்துப் பேர் தங்கள் கணக்கில் இறக்கிப் பயன்படுத்துவார்கள். 2018 முதல், இன்னொருவரின் ஸ்கிரிப்ட் பக்கத்தைத் திருத்தும் உரிமை இடைமுக நிர்வாகிகளுக்கு மட்டுமே. சாதாரண நிர்வாகியாலும் முடியாது. விக்கியை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியில் ஒரு செயற்கூறு மாறியதும் ஸ்கிரிப்ட் உடையும், திருத்த ஆள் இருக்காது. அதைப் பிரதியெடுத்து, மூலத்துக்கு இணைப்பும் அவர் பெயரும் தலைப்பில் குறித்து, விக்கிக்குரிய பொதுக் கருவியாக நிறுவிவிடுவதே நல்லது. யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பயனர் பெயர்வெளியில் ஸ்கிரிப்டின் பெயரைத் தேடினால் கண்டுபிடிக்கலாம். அவர்களிடம் சொல்லிப் புதிய இடத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டும்.

முடிக்காத வரைவுகளைப் பற்றிப் பேசுவோம். பயனர் பெயருக்குப் பின் சாய்கோடு இட்டு முன்னொட்டால் தேடினால் துணைப்பக்கங்கள் எல்லாம் வரிசையாக வரும். மணல்தொட்டிகள் (எழுதிப் பார்க்கும் பக்கங்கள்), பாதிக் கட்டுரைகள், கலைச்சொல் பட்டியல்கள், "பார்க்க வேண்டியவை" என்ற தலைப்பில் நூற்பெயர்கள். எழுதிச் சேமித்த கணமே அவை கட்டற்ற உரிமத்தில் வந்துவிட்டன. எனவே கட்டுரையாக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் வெட்டி ஒட்டாதீர்கள். வெட்டி ஒட்டினால் வரலாறு அறுந்து, எழுதியது நீங்கள் என்று பதிவாகும். "நகர்த்து" வசதியைப் பயன்படுத்தினால் அவருடைய ஒவ்வொரு சேமிப்பும் கட்டுரையின் வரலாற்றில் அவர் பெயரிலேயே நிற்கும். நகர்த்தும் முன் மேற்கோள்களைச் சரிபாருங்கள். வரைவில் தன் நினைவுக்காக எழுதிவைத்த வரியை அவர் இன்னும் சோதிக்காமல் இருந்திருக்கலாம். அப்படியே பொதுவில் ஏற்றுவது அவருக்கு நியாயம் செய்வதாகாது.

நூல்களையும் நிழற்படங்களையும் குடும்பத்தாரிடம்தான் கேட்க வேண்டும். அச்சு நூல்களை மேற்கோள் காட்டி எழுதியவர்களின் கட்டுரைகளில் "பக்கம் 112" என்றிருக்கும். அந்த நூல் ஒருவேளை அவர் அலமாரியில் மட்டுமே இருக்கும். எடைக்குப் போடும் முன், நூற்பட்டியலையாவது படமெடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நிழற்படங்களைப் பொறுத்தவரை, அவர் தானே விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றியவற்றின் உரிமம் மீளப் பெற முடியாதது, மறைவால் மாறாது. ஏற்றாமல் கணினியில் வைத்திருந்தவற்றின் காப்புரிமை வாரிசுகளுக்குப் போகிறது. அவர்கள் கட்டற்ற உரிமத்தில் தர விரும்பினால், அனுமதி மின்னஞ்சல்களைக் கையாளும் தன்னார்வலர் குழுவுக்கு எழுத வேண்டும். கோப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள். அங்கே படம் சுருங்குவதோடு, எடுத்த நாளும் கேமரா விவரமும் அழிந்துவிடும். மூலக் கோப்பாகவே வாங்க வேண்டும்.

நினைவுப் பக்கத்தில் போட அவருடைய படம் வேண்டுமென்று முகநூலிலிருந்து எடுத்து ஏற்றுவதும், அது ஒரு வாரத்தில் நீக்கப்படுவதும் திரும்பத் திரும்ப நடக்கிறது. படத்தின் உரிமை படத்தில் இருப்பவருக்குரியதன்று, எடுத்தவருக்குரியது. விக்கி நிகழ்வுகளில் மற்றவர்கள் எடுத்து ஏற்கெனவே பொதுவகத்தில் ஏற்றிய குழுப் படங்களில் தேடுங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும்.

துக்கத்தின் வேகத்தில் செய்யப்படும் இன்னொன்று, மறைந்தவரைப் பற்றியே கலைக்களஞ்சியக் கட்டுரை தொடங்குவது. அன்பால் செய்வதுதான். ஆனால் சார்பற்ற மூலங்கள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும் என்ற குறிப்பிடத்தக்கமை விதி எல்லோருக்கும் பொது. அந்த விதியை வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு விளக்கியவரே அவராக இருக்கக்கூடும். கட்டுரை நீக்கல் வாக்கெடுப்புக்குப் போனால், அங்கே நடக்கும் விவாதத்தைக் குடும்பம் படிக்கும். கட்டுரைகள் அல்லாத பக்கங்களுக்கான திட்டவெளியிலோ பயனர்வெளியிலோ நினைவுப் பக்கம் எழுதினால் இந்தக் கேள்வியே எழாது.

விதிக்கு உட்பட்டே கட்டுரை பெற்றவர்களும் இருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டுப் பெண் எழுத்தாளர்களைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் விரிவாக எழுதிய ஏட்ரியன் வாடெவிட்ஸ், பாறையேற்றத்தில் ஏற்பட்ட விபத்தால் 2014 ஏப்ரல் 8 அன்று 37 வயதில் இறந்தார். 2004 முதல் ஏறத்தாழ 50,000 தொகுப்புகள் செய்தவர், மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் பற்றிய கட்டுரைகளைச் சிறப்புக் கட்டுரைத் தரத்துக்குக் கொண்டுவந்தவர். நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்ட இதழ்கள் அவரைப் பற்றி எழுதியதால் கட்டுரைக்கு மூலம் இருந்தது. அவர் நினைவாகத் தொகுத்தல் அமர்வுகள் நடந்தபோது, பெண்களைப் பற்றிய கட்டுரைகள் குறைவாக இருக்கின்றன என்று அவர் வலியுறுத்திவந்த குறையையே எடுத்துக்கொண்டு எழுதினார்கள். சிரியாவில் 2012-ல் சிறைப்பிடிக்கப்பட்டு 2015-ல் கொல்லப்பட்ட பாசெல் கர்தபில் கட்டற்ற பண்பாட்டுக்கும் விக்கிப்பீடியாவுக்கும் பங்களித்தவர். அவர் பெயரில் நல்கை ஒன்று தொடங்கப்பட்டது.

பெயரில் அமர்வு நடத்துவதிலும் ஒரு தவறு நேர்கிறது. "ஒரு வார இறுதியில் 100 கட்டுரைகள்" என்று இலக்கு வைப்பார்கள். இயந்திர மொழிபெயர்ப்பில் மூன்று வரிக் குறுங்கட்டுரைகள் குவியும். அவற்றைத் துப்புரவு செய்ய, மறைந்தவர் இருந்திருந்தால் அவர்தான் உட்கார்ந்திருப்பார். அதற்குப் பதில் அவருடைய கட்டுரைகளிலேயே இருபதைத் தேர்ந்தெடுங்கள். முறிந்த வெளியிணைப்புகளுக்கு இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் பழைய படியைத் தேடி இணைப்பது முதல் வேலை. இணைப்பில் உள்ள நாள், கட்டுரை எழுதிய நாளுக்கு அருகில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிந்தைய படியில் வெறும் பிழைப் பக்கம் சேமிக்கப்பட்டிருக்கும். காலாவதியான மக்கள்தொகை எண்கள், பதவியில் இருப்போர் பெயர்கள் ஆகியவற்றைப் புதுப்பிப்பது அடுத்தது. பிறகு அந்தக் கட்டுரைகளில் உள்ள சிவப்பு இணைப்புகளை (இன்னும் எழுதப்படாத கட்டுரைகளுக்கான இணைப்புகளை) எண்ணிப் பாருங்கள். அடுத்து எதை எழுதலாம் என்று அவர் நினைத்தவை பெரும்பாலும் அங்கேதான் சிவந்து கிடக்கும். பலமுறை வரும் சிவப்பு இணைப்பு ஒன்றுக்கு நல்ல மூலம் கிடைத்தால் ஒரு முழுக் கட்டுரை எழுதலாம். ஓர் அமர்வுக்கு ஒன்று போதும்.

இவற்றில் பாதித் தொல்லை, உயிரோடு இருக்கும்போதே சில ஏற்பாடுகளைச் செய்துவைத்தால் நேராது. தானியங்கி ஓட்டுபவர்கள் இரண்டாவது பராமரிப்பாளர் ஒருவரை இன்றே சேர்க்கலாம், நிரலைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கலாம். அரிய நூலை மேற்கோள் காட்டுபவர்கள் தொடர்புடைய வரியைப் பேச்சுப் பக்கத்தில் எழுதிவைக்கலாம். தனக்கு ஏதாவது நேர்ந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், இயற்பெயரை வெளியிடலாமா கூடாதா என்பதை வீட்டில் ஒருவரிடமும் விக்கியில் ஒருவரிடமும் சொல்லிவைக்க ஐந்து நிமிடம் ஆகும்.